டீச்சர் இல்லாத அன்று முடிவான ஜீப்

அன்று வேங்கைவாசல் பட்டறையில் நான்கு பேர் இருந்தோம். பட்டறையை நடத்தும் வசந்தி மேடம், தலைமை மெக்கானிக் மூர்த்தி அண்ணன், ஜீப்பின் சொந்தக்காரர்களில் ஒருவரான ஜெயசீலன் சார், பிறகு நான். இல்லாதவர் ஒருவர்தான். அந்த ஜீப்பில் சரிபாதிப் பங்கு உள்ளவரும், வேலை முடிந்ததும் அதை ஓட்டப் போகிறவருமான கிரேஸ் டீச்சர். ஜெயசீலன் சாரின் தங்கை. வலது தோளில் அறுவை சிகிச்சை முடிந்து, கேளம்பாக்கத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

முடிவு செய்ய வேண்டியது ஒரே விஷயம். ஜீப் எங்களிடம் வந்தபோது அதன் பின்சக்கரங்கள் இரண்டை மட்டுமே எஞ்சின் சுழற்றியது. முன்சக்கரங்கள் சும்மா உருண்டு வந்தன. அதை அப்படியே வைத்துச் சீரமைப்பதா, அந்த மாடல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் இருந்ததுபோல நான்கு சக்கரங்களும் இழுக்கும்படி மாற்றுவதா?

"ஒரிஜினல்தான் மேடம். அதுல எனக்கு ரெண்டாவது எண்ணமே இல்ல. அடுத்த பழைய வண்டி ராலில இதை நிறுத்தணும்" என்றார் ஜெயசீலன் சார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், சேலையூரில் வீடு. எதையும் ஒரு தடவைதான் சொல்வார்.

"ஜீப்புன்னா ஃபோர் வீல்தான் மேடம்" என்று மூர்த்தி அண்ணன் ஒத்து ஊதினார். "பின்னாடி ரெண்டு மட்டும் இழுத்துகினு போனா அது இன்னா ஜீப்பு? ஷேர் ஆட்டோவுக்கு ஒரு சக்கரம் எக்ஸ்ட்ரா போட்ட மாதிரி கீது."

மேடம் சிரிக்கவில்லை. "டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா சார்?"

"ஃபோன்ல சொல்லிட்டேன். 'உனக்கு எது சரின்னு படுதோ செய் அண்ணா'ன்னா. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும், அடியில என்ன சுத்துதுன்னு அவளுக்கு எதுக்கு?"

நான்கு சக்கரம் என்று முடிவானது. எல்லோரும் டீ குடித்தோம்.

*

இதை இப்போது எழுதக் காரணம், கூடுவாஞ்சேரியில் நான் பாடம் நடத்தும் பயிற்சி மையத்துப் பையன்கள். பழைய வண்டியை மீட்டெடுக்கும்போது நான்கு சக்கர இழுவை நல்லதா, பின்சக்கர இழுவை நல்லதா என்று வாரத்துக்கு ஒருவனாவது கேட்கிறான். மொபைலில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து கேட்பது. ஒரே வார்த்தையில் பதில் வேண்டும் அவர்களுக்கு. என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அதனால் இந்தக் கட்டுரை.

எனக்கு முப்பத்து நான்கு வயது. ஓய்வு பெற்றவன் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். ஆனால் பட்டறை வேலையைப் பொறுத்தவரை உண்மை அதுதான். கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு ஒன்று விலகிவிட்டது. இனி வண்டிக்கு அடியில் மல்லாந்து படுக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய வண்டி வேலையில் பாதி அடியில் படுப்பதுதான். பன்னிரண்டு வருஷம் படுத்தாயிற்று, போதும் என்று நானும் சமாதானமாகிவிட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்கியவர். அம்மா காலனி வீடுகளில் வேலை செய்தவர். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்தேன். மூன்று வருஷமும் பெரும்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்தது தவிர அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேலை கிடைத்ததும் அம்மாவிடம், பழைய கார்களைப் புதிதுபோல ஆக்கிக் கொடுக்கும் இடம் என்று விளக்கினேன். அம்மா, "பாவம், புதுக் காரு வாங்க வசதி இல்லாதவங்களா?" என்று கேட்டார்.

பட்டறையில் டிப்ளமா வாங்கியவன் நான் ஒருவன்தான் என்பதால் மூர்த்தி அண்ணன் எனக்கு வைத்த பெயர் 'டிப்ளமா'. கடைசி நாள் வரை அதுதான் என் பெயர்.

*

வசந்தி மேடம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பெரிய கார் கம்பெனியில் வண்டிகளைச் சோதிக்கும் பிரிவில் பல வருஷம் இருந்துவிட்டு, அதை விட்டு வந்து இந்தப் பட்டறையைத் தொடங்கியவர். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "எதை வச்சு சொல்றீங்க?" மெக்கானிக்கிடம், பெயின்டரிடம், வாடிக்கையாளரிடம், பார்ட்ஸ் கொண்டு வருகிறவரிடம், எல்லோரிடமும் அதே கேள்வி, அதே தொனியில். கோபம் இருக்காது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். அதுதான் கஷ்டம். கோபப்பட்டால் பதிலுக்கு நாமும் கோபப்பட்டுத் தப்பித்துக்கொள்ளலாம்.

ஒரு வண்டி வந்தால் முதல் நாள் யாரும் ஸ்பானரைத் தொடக்கூடாது என்பது அவர் வைத்த வழக்கம். தெருவில் கழற்றிப் போட்ட பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றைத் தரையில் குப்புற விரிப்போம். முன்பக்கம் கல்யாண ஜோடியோ கட்சித் தலைவரோ இருப்பார், பின்பக்கம் வெள்ளை. அந்த வெள்ளைமீது வண்டியை நிறுத்திவிடுவோம். மறுநாள் காலையில் வண்டியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் எங்கே என்ன ஒழுகியது என்று பேனர் சொல்லும். கறுப்புச் சொட்டு எஞ்சின் ஆயில். கெட்டியாக, நாற்றமடிப்பது கிரவுன் ஆயில். கிரவுன் என்று நாங்கள் சொல்வது, அச்சின் நடுவில் பானைபோலப் புடைத்திருக்குமே, அதற்குள் இருக்கும் பல்சக்கரங்களை.

அதே முதல் நாளில் எல்லா அளவுகளையும் எடுத்துச் சுவரில் இருக்கும் கரும்பலகையில் எழுதுவார் மேடம். உயரம், பிரேக் மிதியின் ஆழம், கடைசியாக ஸ்டியரிங்கின் கனம். ஸ்டியரிங் கனம் பார்க்க ஒரு கொக்கித் தராசு வைத்திருந்தார். பழைய பேப்பர்காரர்கள் தொங்கவிட்டு நிறுப்பார்களே, அதேதான். ஸ்டியரிங் வளையத்தில் கொக்கியை மாட்டி, சக்கரம் திரும்பத் தொடங்கும்வரை மெல்ல இழுக்க வேண்டும். திரும்பும் அந்தக் கணத்தில் முள் எத்தனை கிலோவில் நிற்கிறதோ அது கனம். "ஒருத்தர் 'வெயிட்டா இருக்கு'ம்பார், இன்னொருத்தர் 'பஞ்சு மாதிரி இருக்கு'ம்பார். தராசு ரெண்டு பேச்சு பேசாது" என்பார்.

இழுவை பற்றிய கேள்வி எங்களுக்குப் புதிதில்லை. ஒரு தடவை ஐ.டி. கம்பெனி இளைஞர் ஒருவர் தாத்தாவின் உருண்டை மூக்குக் காரைக் கொண்டுவந்து, அதற்கு நான்கு சக்கர இழுவை வேண்டும் என்றார். மேடம் அவரை வண்டிக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறக்கி, டார்ச்சைக் கையில் கொடுத்து, "முன்னாடி கிரவுன் எங்க வைக்கலாம்னு நீங்களே ஒரு இடம் காட்டுங்க" என்றார். எஞ்சினின் ஆயில் தொட்டி அங்கே தரையைத் தொடாத குறையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் பார்த்துவிட்டு மேலே வந்தவர், "பின்சக்கரமே போதும் மேடம்" என்றார். அந்தக் கார் இப்போதும் நன்றாக ஓடுகிறது.

ஜீப் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. அதில் இடம் இருந்தது.

*

ஜீப் ஜெயசீலன் சாருடைய அப்பாவுடையது. கேளம்பாக்கம் பக்கத்து உப்பளங்களில் உப்பு ஏற்றி அனுப்பும் ஒப்பந்த வேலை பார்த்தவர் அவர். வரப்பிலும் சேற்றிலும் ஓட்டிப் பழக்கிய வண்டி. அவர் இறந்தபின் பல வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. முதல் நாள் லாரியில் ஏற்றி வந்து இறக்கியபோது அண்ணனும் தங்கையும் சேர்ந்தே வந்திருந்தார்கள். தங்கைக்கு அப்போது தோள்வலி மட்டும்தான், அறுவை சிகிச்சை நடக்கவில்லை.

கணக்கு டீச்சராக இருந்து அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். குள்ளமான உருவம். மேடம் வழக்கம்போல, "வண்டியை வச்சு என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டார்.

"நானே ஓட்டிட்டு ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகணும். அப்பப்போ கோவளம் வரைக்கும். அவ்வளவுதான் எனக்கு" என்றார் டீச்சர். பிறகு அண்ணனைப் பார்த்தபடி, "நான் ஓட்டுற மாதிரி ஆகலன்னா வித்துடலாம்னு பேசி வச்சிருக்கோம். ஈ.சி.ஆர்.ல ஒரு ரிசார்ட்காரர் கேட்டுட்டே இருக்கார். வாசல்ல நிறுத்தி வச்சு மேல பூந்தொட்டி வைப்பாராம்."

"அதெல்லாம் நடக்காது" என்றார் அண்ணன்.

"அதான், நடக்கக் கூடாதுன்னுதான் இங்க கொண்டாந்திருக்கோம்."

அன்று ஸ்டியரிங் கனம் பன்னிரண்டு கிலோ. நான்தான் தராசை இழுத்தேன். மேடம் பலகையில் எழுதினார்.

*

முடிவானபின் வேலை மளமளவென்று நடந்தது. முன்னால் இருந்த அச்சு வெறும் இரும்புத் தண்டு. இழுவை இல்லாத அந்த மாதிரி அச்சை டம்மி ஆக்சில் என்போம். அதைக் கழற்றினோம். பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் அலைந்து, உள்ளே கிரவுன் உள்ள அசல் முன் அச்சு ஒன்றை மூர்த்தி அண்ணன் பிடித்துவந்தார். கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது பெட்டியும், நான்கு சக்கரத்துக்கு மாற்றும் லீவரும் வண்டியிலேயே இருந்தன. எதனோடும் இணையாமல் சும்மா ஆடிக்கொண்டிருந்த லீவர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் பக்கமிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று வரும் என்பதைத்தான் பல் கணக்கு என்போம். முன் அச்சின் பல் கணக்கும் பின் அச்சின் பல் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்சக்கரம் ஒரு வேகத்தில் சுற்றப் பார்க்கும், பின்சக்கரம் வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். சேற்றில் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த ரோட்டில் இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும்.

பின் அச்சின் மூடியில் பல் கணக்கு பொறித்த சின்னத் தகடு ஒன்று இருந்தது. இத்தனை வருஷத்தில் இந்தத் தகடு பிழைத்திருப்பதே அபூர்வம். மேடம் அதைக் கண்டதும் மண்ணெண்ணெய் தொட்டுத் தானே துடைத்தார். ஜெயசீலன் சாருக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்பினார். அவர் அதை நண்பர்களுக்கு எல்லாம் அனுப்பினார். அந்தத் தகட்டில் இருந்த கணக்குக்கு ஒத்த முன் அச்சைத்தான் வாங்கினோம்.

ரோட்டோர மெக்கானிக் யாராக இருந்தாலும் சக்கரத்தைச் சுற்றி எண்ணிப் பார்த்திருப்பார். எங்களைப் போல அசல் பொருள்மீது ஆசை வைத்தவர்களால்தான் ஒரு தகட்டைப் பார்த்து அப்படிச் சொக்கிப்போக முடியும்.

வண்டி தயாரானதும் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் சிமென்ட் தெருவில் மூர்த்தி அண்ணன் ஓட்டிப் பார்த்தார். பின்சக்கரத்தில் நன்றாகவே போனது. லீவரைத் தள்ளி நான்கு சக்கரத்துக்கு மாற்றினார். நான்கு வீடு தாண்டியிருக்காது, வண்டி முனகத் தொடங்கியது. டயர் கீச்சிட்டது. இந்த மாதிரி வண்டிகள் காய்ந்த ரோட்டில் வளைவில் இறுக்குவது சகஜம். இது நேர்த்தெருவில் இறுக்கியது.

"டிப்ளமா, யார்னா பின்னாடி கயிறு கட்டி இஸ்துகினு வர்றாங்களா பாரு" என்று கத்தினார் மூர்த்தி அண்ணன். வண்டியை நிறுத்தி லீவரைத் திரும்ப இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். அசையவில்லை.

ஒரு முன்சக்கரத்துக்கு ஜாக்கி வைத்துத் தூக்கினேன். தரையை விட்டுச் சக்கரம் எழும்பியதும் உள்ளே 'டங்' என்று ஒரு சத்தம், சக்கரம் தானாகக் கொஞ்சம் சுழன்று நின்றது. அவ்வளவு முறுக்கு ஏறியிருந்தது. லீவர் உடனே விடுபட்டது.

மேடம் ஒரு சாக்பீஸை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார்.

வண்டியை உள்ளே தள்ளிப் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினோம். சக்கரத்தில் ஒரு கோடு, அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் ஷாஃப்டில் ஒரு கோடு. இரண்டு சக்கரங்களையும் ஆளுக்கொரு பக்கமாக மூர்த்தி அண்ணனும் நானும் சேர்ந்து ஒரே சுற்றுச் சுற்ற வேண்டும். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று என்று மேடம் அடியில் படுத்து எண்ணினார். ஐந்துக்குச் சற்றுக் குறைவு. முன்பக்கத்தைத் தூக்கி அதேபோலச் செய்தோம். ஐந்தைத் தாண்டி இன்னும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

அந்த நேரம் பார்த்து, வண்டி தயார் என்ற சந்தோஷத்தில் ஜெயசீலன் சார் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

*

"என்ன எண்ணிட்டிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே டீச்சர் உள்ளே வந்தார். நான் சொன்னேன்.

"அப்போ ரெண்டும் சேராதே" என்றார். பிறகு குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை. "முன்னாடி இந்தப் பானை மாதிரிக் குண்டு எப்படி வந்துச்சு? இதைத்தான் அப்பா கழட்டிப் போட்டாரே."

"அப்பா கழட்டலம்மா, எவனோ மெக்கானிக் ஏமாத்தி உருவிட்டான்" என்றார் ஜெயசீலன் சார்.

"அப்பாதான் அண்ணா கழட்டினார். நான் பக்கத்துல நின்னேன். நீ அப்போ திருச்சில ஹாஸ்டல்ல இருந்த. அம்மாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை யார் கூட்டிட்டுப் போனாங்கன்னு நெனச்ச? அப்பாவுக்கு உப்பளத்தை விட்டு வர முடியாது. நான்தான் ஓட்டினேன். எனக்குக் கை குச்சி மாதிரி இருக்கும், ஸ்டியரிங் திரும்பவே திரும்பாது. ஒரு நாள் வளைவுல திருப்ப முடியாம வாய்க்கால்ல எறக்கிட்டேன், அம்மாவோட. மறுநாளே அப்பா முன் அச்சைக் கழட்டிட்டு லேசா ஒண்ணு போட்டார். ரோட்டுல கொஞ்சம் வேகமா போகட்டும்னு பின்னாடியும் என்னமோ மாத்தினார்."

மேடம் தகட்டைப் பார்த்தார். பின்னால் பல்சக்கரத்தை மாற்றிய யாரோ, பழைய மூடியையே தகட்டோடு திரும்பப் பூட்டியிருக்கிறார்கள்.

"என்கிட்ட யாருமே சொல்லலையே" என்றார் ஜெயசீலன் சார்.

"லீவுக்கு வந்து ஓட்டினப்ப 'வண்டி லேசாயிடுச்சேப்பா'ன்னு நீதான் சொன்ன. அப்பா சிரிச்சார். வாய்க்கால் விஷயம் சொன்னா நீ என்னைக் கிண்டல் பண்ணுவன்னு நான்தான் சொல்ல வேணாம்னேன்."

"ஃபோன்ல சொன்னப்ப சரின்னியே கிரேஸ்?"

"ஒரிஜினலா ஆக்குறோம்னு சொன்ன. பெயின்டைச் சொல்றன்னு நெனச்சேன்."

ஜெயசீலன் சார் விடவில்லை. "இருந்தாலும் ஒரிஜினல் ஒரிஜினல்தான். ராலில ஜட்ஜுங்க அடியில படுத்துப் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும். ஜட்ஜுங்களா சர்ச்சுக்கு ஓட்டிட்டு வரப்போறாங்க?"

மூர்த்தி அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் ஜாக்கி எடுக்கப் போவதுபோல அந்தப் பக்கம் போய்விட்டார்.

மேடம் வண்டியைத் தரையில் இறக்கச் சொல்லிவிட்டு, ஆணியில் தொங்கிய கொக்கித் தராசை எடுத்தார். ஸ்டியரிங்கில் மாட்டி இழுக்கச் சொன்னார். இழுத்தேன். பதினெட்டு கிலோவில் சக்கரம் திரும்பியது.

பிறகு தராசை ஜன்னல் கம்பியில் மாட்டி, டீச்சரைக் கூப்பிட்டார். "ரெண்டு கையாலயும் இழுங்க டீச்சர். வலிக்கிற இடத்துல நிறுத்திடுங்க. எனக்காக ஒரு கிலோகூட சேர்த்து இழுக்காதீங்க."

டீச்சர் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு இழுத்தார். முள் பத்தைத் தாண்டியது. பன்னிரண்டு. பதினான்கில் அவர் முகம் சுருங்கியது, விட்டுவிட்டார். தோளைப் பிடித்துக்கொண்டு, "அவ்வளவுதான்" என்றார். குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும், பதினெட்டுக்கும் பதினான்குக்கும் நடுவில்தான் அந்த ரிசார்ட்காரரின் பூந்தொட்டி இருக்கிறது என்று.

"மேடம், ஒரு ஐடியா கீது" என்று மூர்த்தி அண்ணன் திரும்பி வந்தார். "ரோட்டுல போறப்ப முன்சக்கரத்தை உள் ஷாஃப்டுலேர்ந்து கழட்டி வுட்டுடற ஹப்பு வருதே, அதைப் போட்டுக்கலாம். ஒரிஜினலும் ஆச்சு, லேசும் ஆச்சு."

"எவ்வளவு லேசாகும்? எதை வச்சு சொல்றீங்க?"

"பார்த்துட்டா போச்சு."

முன்சக்கர மையத்தில் உள் ஷாஃப்டைப் பிணைக்கும் மூடிகள் இரண்டையும் கழற்றினோம். ஹப் போட்டால் எப்படி இருக்குமோ அதே நிலை. மறுபடி தராசு. பதினாறு. அச்சின் எடை அங்கேயேதானே இருக்கிறது.

ஜெயசீலன் சார் திரும்பிச் சுவரைப் பார்த்தார். கரும்பலகையில், வண்டி வந்த அன்று மேடம் எழுதிய பன்னிரண்டு அப்படியே இருந்தது.

"மூணு வழி இருக்கு சார்" என்றார் மேடம். "பின்னாடி கிரவுனை மாத்தி முன்னாடி இருக்கிறதோட சேர்த்துடலாம். அசல் நாலு சக்கர வண்டி ஆயிடும், ராலிக்குப் போகலாம். டீச்சரால ஓட்ட முடியாது. ரெண்டாவது, ஹப்பு. அதுலயும் ஓட்ட முடியாது, இப்போதைக்கு. மூணாவது, உங்க அப்பா செஞ்ச மாதிரியே. இதுல எது சரின்னு நான் சொல்ல முடியாது. அது உங்க ரெண்டு பேரோட வண்டி. ஆனா ஒண்ணு. இந்த அச்சு சேரும்னு நான் சொன்னேன். எதை வச்சு சொன்னேன்? தகட்டை வச்சு. எண்ணிப் பார்க்கல. அதனால பூட்டின கூலி, கழட்டுற கூலி ரெண்டும் பட்டறையோடது."

டீச்சர் அண்ணனிடம் மெதுவாகச் சொன்னார்: "உனக்கு ராலி வேணும்னா செஞ்சுக்கோ அண்ணா. நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். விக்க வேணாம், அது போதும்."

ஜெயசீலன் சார் வண்டியைச் சுற்றி நடந்தார். ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, நிறுத்திய நிலையிலேயே ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார். ஆறடி மனுஷர். ஒரு பக்கம் திருப்பியதற்கே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. இறங்கி வந்து கைகளைத் தட்டிக்கொண்டார்.

"அம்மா வாய்க்கால்ல விழுந்தப்ப ஏதாவது திட்டினாங்களா?"

"இல்ல. ஜெபம் பண்ணிட்டிருந்தாங்க. நான்தான் அழுதேன்."

"அந்த டம்மி ஆக்சில் எங்க?" என்று ஜெயசீலன் சார் எங்களைப் பார்த்துக் கேட்டார்.

நாங்கள் எல்லோரும் மூர்த்தி அண்ணனைப் பார்த்தோம்.

"காயலான் கடைல போட்டாச்சு சார்" என்றார் அவர். "நீங்கதானே இனி அது கண்ணுலயே படக்கூடாதுன்னீங்க."

*

பழைய இரும்பு வாங்கும் அந்தக் காயலான் கடை பெருங்களத்தூரில் இருந்தது. மூர்த்தி அண்ணன், ஜெயசீலன் சார், நான் மூவரும் போனோம். அச்சு விற்கப்படவில்லை, உருக்கப்படவும் இல்லை. கடைக்காரர் அதையும் இன்னொரு லாரி அச்சையும் இரண்டு செங்கல் மேடைகளுக்குக் குறுக்கே போட்டு, மேலே ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியை ஏற்றியிருந்தார். தொட்டி நிறைந்திருந்தது.

"அண்ணே, அந்த ஆக்சில் திரும்ப வேணும்" என்றார் மூர்த்தி அண்ணன். "இரும்பு ரேட்டுக்கு மேல கொஞ்சம் போட்டுத் தர்றோம்."

"இன்னா இரும்பு ரேட்டு?" என்று கேட்ட கடைக்காரர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. "நீ போட்டப்ப அது இரும்பு. இன்னிக்கு அது ஸ்டாண்டு. அதை உருவுனா என் டேங்க்கு எங்க நிக்கும்? உன் தலைலயா?"

"நல்ல மனுசனாட்டம் பேசு. பேஜார் பண்ணாத."

"நானா பேஜார் பண்றேன்? வித்த பொருளைத் திரும்பக் கேக்கறது நீ."

ஜெயசீலன் சார் முன்னால் வந்து தன் தங்கையின் தோளைப் பற்றி, ஆஸ்பத்திரியைப் பற்றி, அப்பாவைப் பற்றி எல்லாம் சொன்னார். வங்கியில் கடன் கேட்டு வருகிறவர்களின் பேச்சை முப்பது வருஷம் எதிரே உட்கார்ந்து கேட்டவர், அன்று நின்றுகொண்டு சொன்னார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல விஷயம்தான் சார். தாராளமா எடுத்துக்குங்க. டேங்க்குக்குப் புது ஸ்டாண்டு அடிச்சுக் குடுத்துட்டு எடுத்துக்குங்க. அதுவரைக்கும் என் வூட்டுக்காரி தண்ணிக்கு இன்னா செய்வா?"

அப்படியே ஆயிற்று, அச்சுக்கும் தனியாக ஒரு விலை வாங்கிக்கொண்டார். வெல்டிங் கடையில் சொல்லி இரும்பு ஸ்டாண்ட் செய்து, தொட்டியைக் காலி செய்து, இறக்கி, ஏற்றி, அச்சை ஒரு குட்டி யானை வேனில் போட்டு வேங்கைவாசல் கொண்டுவந்தோம். வளைந்திருக்குமோ என்று பயந்தேன். மேடம் நூல் பிடித்துப் பார்த்தார். நேராகத்தான் இருந்தது. பின் அச்சின் தகட்டைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும். அதுவும் வண்டியோட கதைதானே. ஆனா இனிமே எண்ணிட்டுத்தான் எதையும் நம்பணும்" என்றார். அன்றிலிருந்து பட்டறையில் எந்த வண்டி வந்தாலும் முதல் நாள் சாக்பீஸ் கோடும் சேர்ந்துகொண்டது. என் மாணவர்களுக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். இரண்டாவதாகச் சொல்வது, ஓட்டப்போகிறவரை வரச்சொல்லுங்கள் என்பது. இழுவை எத்தனை சக்கரத்துக்கு என்பது அதற்குப் பிறகு வரும் பேச்சு.

டம்மி ஆக்சில் பூட்டிய அன்று ஸ்டியரிங் பதினொன்றரை கிலோ காட்டியது. ஸ்டியரிங் மூட்டுகளில் புது புஷ்கள் போட்டிருந்ததால் அரைக் கிலோ குறைந்திருந்தது.

டீச்சருக்கு டாக்டர் அனுமதி தர மேலும் சில வாரங்கள் ஆயின. வந்தார். சீட்டில் ஒரு குஷன் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பின்னோக்கி எடுத்து, பட்டறை வாசலில் திருப்பி, ஒரே வளைப்பில் தெருவுக்குள் விட்டார். ஜெயசீலன் சார் பக்கத்து சீட்டில் முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா கிரேஸ். மாடு நிக்குது பார். ஹாரன் அடி. இந்தப் பக்கம் பள்ளம்."

டீச்சர் வண்டியை நிறுத்தினார். "அண்ணா, மேடவாக்கம் கூட்ரோட்டுல ஷேர் ஆட்டோ கிடைக்கும். இறங்கி அதுல வர்றியா?"

ஜெயசீலன் சார் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வண்டி வேங்கைவாசல் தெருமுனையில் திரும்பும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். "ஷேர் ஆட்டோவுக்கு ஒரு சக்கரம் எக்ஸ்ட்ரான்னு சொன்னேன்ல, நல்லாத்தான் போகுது" என்றார் மூர்த்தி அண்ணன்.

ஜெயசீலன் சார் அடுத்த வாரம் வந்து கணக்கை முடித்தார். புதுப்பேட்டை அச்சைத் திரும்ப விற்றதில் வந்த நஷ்டம், காயலான் கடைக்காரர் வாங்கிக்கொண்ட விலை, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட், குட்டி யானை வாடகை. பட்டறை ஏற்றுக்கொண்ட கூலி இதில் சேராது. பாதியைத் தங்கை தருவதாகச் சொன்னதற்கு, இது தன் செலவு என்று மறுத்துவிட்டாராம். பின்சக்கரங்கள் மட்டும் இழுக்க எங்களிடம் வந்த ஜீப், பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கத் திரும்பிப் போக, அவருக்கு ஆனது நாற்பத்தேழாயிரத்து அறுநூறு ரூபாய்.